இரண்டு மணி நேர இடைவெளி எல்லா மாத்திரைக்கும் காவல் ஆகாது

மொரீசியஸ் தமிழ்க் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கும், ஊர்தோறும் இயங்கும் முதியோர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். மருந்தகங்களில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

முதியோர் சங்கக் கூட்டங்களிலும், காவடி விரதம் தொடங்கும் நாட்களில் கோயில் மண்டபங்களிலும் ஓர் அறிவுரை தவறாமல் காதில் விழுகிறது: "மாத்திரையைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் திஸான் (மூலிகைக் கசாயம்) குடியுங்கள், ஒன்றும் செய்யாது." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். சில மருந்துகளுக்கு அது சரியான அறிவுரையும்கூட. ஆனால் அதை எல்லா மருந்துக்கும் பொதுவாகச் சொல்வதால், உண்மையிலேயே ஆபத்தான சேர்க்கைகளைப் பலர் நிம்மதியாகத் தொடர்கிறார்கள். இந்தத் தீவில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அதோடு ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று என்று மாத்திரைகள் கூடிவிடுகின்றன. உங்கள் மண்டபத்தில் கசாயத்துக்குக் கை நீட்டும் பெரியவர் அன்று காலை நான்கைந்து மாத்திரை விழுங்கிவிட்டு வந்திருக்கக்கூடும்.

முதலில், இடைவெளி எங்கே உதவும் என்று சொல்லிவிடுகிறோம். மருந்தும் பானமும் வயிற்றுக்குள் நேருக்கு நேர் சந்தித்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் இடங்களில் உதவும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரிலும் கடுக்காய் கலந்த கசாயத்திலும் உள்ள துவர்ப்புப் பொருள் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் விட்டால் போதும். இசப்கோலும் ஊறவைத்த வெந்தயமும் கூழாகி மாத்திரையைத் தமக்குள் அடக்கிக்கொள்ளும். ஆகவே மாத்திரையை ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ போட வேண்டும். தைராய்டுக்கான லெவோதைராக்சின் இன்னும் கண்டிப்பானது: வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. விடிந்ததும் முதல் வேலையாகக் கசாயம் குடிக்கும் வழக்கம் இந்த மாத்திரையோடுதான் அதிகம் மோதுகிறது. கசாயத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் பிரச்சினை தீரும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் லெவோதைராக்சினுக்கும் இடையே மட்டும் நான்கு மணி நேரம் வேண்டும்.

இடைவெளியால் தீர்கிறவை இந்த வகைதான். இனிச் சொல்லப்போகும் எதற்கும் கடிகாரம் உதவாது.

பம்பளிமாஸ் பழத்தையும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் கனடாவில் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தை மதுவோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட எக்கச்சக்கமாக ஏறியது. காரணம் மது அல்ல, சாறு. நம் குடல் சுவரில் ஒரு நொதி இருக்கிறது. விழுங்கும் மருந்தில் பெரும்பகுதியை அது வாசலிலேயே சிதைத்துவிடும். ஃபெலோடிபினில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். அந்த இழப்பைக் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவே முடிவாகிறது. இந்தப் பழங்களில் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள்கள் அந்த நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகின்றன. உடல் புதிதாக நொதி செய்து முடிக்க ஒரு நாளுக்கு மேல், சிலருக்கு மூன்று நாள்வரை ஆகும். காலையில் ஒரு கிளாஸ், அதாவது 200 மில்லி குடித்தவருக்கு இரவு போடும் மாத்திரையும் அளவு மீறித்தான் ஏறும். இரண்டு மணி நேரம் இங்கே என்ன செய்யும்?

கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் இந்த இரண்டு பழங்களையும் விட்டுவிட வேண்டும். தொடை, தோள் தசைகளில் காரணமில்லாத வலியும் கறுத்த சிறுநீரும் வந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டினுக்குப் பாதிப்பு குறைவு, ஆனால் தினமும் நிறையச் சாறு குடிப்பது கூடாது. ரோசுவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின் சாப்பிடுபவர்களுக்குத் தடையில்லை. பழம் பிடித்தவர்கள் மருத்துவரிடம் மாற்றுக் கேட்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபின், இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவர்களும் தவிர்க்க வேண்டும். சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரினோடு ஒரு சுளைகூட வேண்டாம். சாதாரண இனிப்பு ஆரஞ்சுக்கு இந்தக் குணம் இல்லை.

இதற்கு நேர் எதிராக வேலை செய்வது மில்பெர்த்துயி, ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் என்று தேநீர்ப் பொட்டலமாகவும் மாத்திரையாகவும் கிடைக்கும் மூலிகை. இது அந்த நொதியை முடக்காது, பெருக்கிவிடும். குடித்த மருந்து வேலை செய்வதற்கு முன்பே அழிந்துபோகும். கருத்தடை மாத்திரை, ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்சின், எச்ஐவி மருந்துகள், உறுப்பு மாற்றியவர்களின் மருந்துகள் எல்லாம் இதனால் பலம் இழக்கின்றன. 2000ஆம் ஆண்டிலேயே, மாற்றிவைத்த இதயத்தை உடல் நிராகரித்த நிகழ்வுகள் மருத்துவ ஏட்டில் பதிவாகியுள்ளன. இதன் விளைவு முழுதாகத் தெரிய ஒன்று, இரண்டு வாரம் ஆகும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் நீடிக்கும். மனச்சோர்வுக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையோடு இதையும் சேர்த்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரை போகலாம். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து: அதற்கு ஏற்ப அளவைக் கூட்டியிருந்த மருந்து மளமளவென்று ஏறிவிடும். சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்தது அதிமதுரம். தொண்டைக்கு இதம், இருமலுக்கு நல்லது என்று கோயில் கசாயத்தில் தாராளமாகப் போடுகிறார்கள். பஜனை பாடுபவர்களுக்கு என்றே தனியாகக் காய்ச்சுவதும் உண்டு. இரண்டு மூன்று நாள் குடிப்பதால் நலமாக இருப்பவர்களுக்குக் கேடில்லை. வாரக்கணக்கில் தினமும் குடிப்பதுதான் தொல்லை. அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், உப்பையும் நீரையும் உடலில் தங்கவைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் அது தொடர்ந்து உள்ளே போகக்கூடாது என்பது ஐரோப்பிய வல்லுநர் குழுவின் வரம்பு. வேரில் அது 4 சதவீதம் இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டரை கிராம் பொடி, அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி, அந்த வரம்பைத் தொட்டுவிடும். வேருக்கு வேர் இந்தச் சதவீதம் மாறும் என்பதால் வீட்டில் அளந்து பாதுகாத்துக்கொள்ளவும் வழியில்லை.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்கவில்லை என்று ஒருவர் சொன்னால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் அதிமதுரம் குடிக்கிறாரா என்று கேட்க வேண்டும். ஃபியூரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு, இண்டாபமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரைகள் தாமே பொட்டாசியத்தை இறக்குபவை. அவற்றோடு அதிமதுரம் சேர்ந்தால் கெண்டைக்காலில் பிடிப்பு, கை கால் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு என்று வரும். டிகாக்சின் சாப்பிடும் இதய நோயாளிக்கு இது உயிராபத்து. பொட்டாசியம் குறைந்த உடலில் அந்த மருந்தின் வழக்கமான அளவே நஞ்சாகும். பேதிக்கு எடுக்கும் நிலாவரையைப் பல நாள் தொடர்ந்தாலும் இதே கதிதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எங்கள் தீவுகளில் லியான் ரெக்லிஸ் என்ற பெயரில் வேலியில் படரும் கொடி அதிமதுரம் அல்ல, குன்றிமணி. அதன் சிவப்பும் கறுப்புமான விதை கொடிய நஞ்சு. பெயரை மட்டும் நம்பிக் கொடியையோ வேரையோ வாங்கிக் காய்ச்சாதீர்கள்.

இனி நாங்கள் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறோம்: காவடி விரதமும் சர்க்கரை மாத்திரையும்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், நாவல் கொட்டைப் பொடி எல்லாவற்றுக்கும் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும் குணம் உண்டு. மருத்துவரின் மாத்திரைக்கு அவை மாற்று ஆகாது. ஆனால் மாத்திரையோடு சேரும்போது கூட்டுவேலை செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுபவர்களும் இன்சுலின் போடுபவர்களும் வேறு வகை. அந்த மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கணையத்தை இன்சுலின் சுரக்கச்செய்துகொண்டே இருக்கும். பத்து நாள் விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு குறைகிறது. சைவம் என்பதால் உடம்பு சுத்தமாகும் என்று காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு சேர்கிறது. மாத்திரை மட்டும் அதே அளவில் தொடர்கிறது. பத்தாம் நாள் காவடி தூக்கி, வெயிலில், வெறுங்காலோடு மணிக்கணக்கில் நடக்கிறார். நான்கும் ஒரே திசையில் இழுக்கின்றன. சாற்றை எத்தனை மணிக்குக் குடித்தார் என்பது இங்கே பொருட்டே அல்ல, ஏனென்றால் நீளமாக வேலை செய்யும் கிளிக்ளசைடு மாத்திரை ஒரு நாள் முழுதும் உடலில் இருக்கிறது.

ஊர்வலத்தில் ஒருவர் வியர்த்து, நடுங்கி, பேச்சு குழறினால் அருள் வந்திருக்கிறது என்று எண்ணி நிற்காதீர்கள். விரல் நுனியில் குத்தி, மானியில் சர்க்கரை அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி நிறையச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். மானி கையில் இல்லையென்றால் காத்திருக்காமல் கொடுங்கள். செயற்கை இனிப்பு போட்ட பானம் பயன்படாது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் குறைவாக இருந்தால் திரும்பக் கொடுங்கள். தேறியதும் சோறோ ரொட்டியோ சாப்பிடவைக்க வேண்டும், ஏனென்றால் கரைத்த சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துவிடும், மாத்திரையின் வேலை தீராது. கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு சாப்பிட்டவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சர்க்கரை சில மணி நேரத்தில் திரும்ப இறங்கும். நினைவு தவறியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 114 என்ற அவசர மருத்துவ எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாக்கில் வேல் குத்திய பக்தரானால் அந்த வேல்களைக் கழற்றத் தெரிந்தவர் ஒருவர் கூடவே வர வேண்டும். அதை அன்று காலையிலேயே ஏற்பாடு செய்துவைப்பது உங்கள் பொறுப்பு.

வார்ஃபரின் சாப்பிடுபவர்களின் கதை வேறு. இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை எண் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும். செயற்கை வால்வு வைத்தவர்களில் சிலருக்கு 2.5 முதல் 3.5. கீழே போனால் ரத்தம் கட்டும், மேலே போனால் கசியும். முருங்கைக் கீரையில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. அது வார்ஃபரினை எதிர்க்கும். கீரையே கூடாது என்று சொல்வது தவறு. வாரம் இரண்டு முறை ப்ரெட் முரூம், அதாவது முருங்கைக் கீரை, சாப்பிடுபவர் அப்படியே தொடரட்டும். அதற்கு ஏற்றபடி மாத்திரை அளவு அமைந்திருக்கும். திடீரென்று தினமும் இரண்டு கரண்டி முருங்கைப் பொடி குடிக்க ஆரம்பிப்பதும், பல மாதம் குடித்ததைத் திடீரென்று விடுவதும்தான் எண்ணைக் கலைக்கும். எதிர்ப்பக்கம் இழுப்பது மஞ்சள். குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை, பாட்டிலில் வரும் மஞ்சள் பானம் பற்றிச் சொல்கிறோம். அப்படி ஒன்றை வார்ஃபரினோடு சாப்பிட்ட ஒருவரின் ஐஎன்ஆர் 10ஐத் தாண்டியதாக 2018இல் நியூசிலாந்து அரசு எச்சரிக்கை வெளியிட்டது. ஜின்கோ என்ற மூலிகை, செறிவான இஞ்சி, பூண்டு மாத்திரைகளும் இந்தப் பட்டியலில் சேரும். ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத்தழும்பு, தார் போன்ற கறுத்த மலம் எதைக் கண்டாலும் அன்றே பரிசோதனை. ரிவரொக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு ஐஎன்ஆர் பார்ப்பதில்லை என்பதால் அவற்றில் ஏறுமாறு நடந்தாலும் முன்கூட்டியே தெரியாது. கூடுதல் கவனம் அங்கேதான் தேவை.

யாப்பானா இலையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள்: அதில் கூமரின் வகைப் பொருள்கள் உண்டு, எனவே அது ரத்தத்தை நீர்க்கச்செய்யுமா என்று. கூமரின் குடும்பத்தில் பிறந்த எல்லாமே வார்ஃபரின் போல வேலை செய்வதில்லை. வயிற்றுக்கோளாறுக்கு எப்போதாவது இரண்டு இலை போட்டுக் குடிப்பவரைப் பயமுறுத்த வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடுபவர் தினமும் குடிக்கப்போகிறார் என்றால் மட்டும், தொடங்கிய ஒரு வாரத்தில் ஐஎன்ஆர் பார்த்துவிடட்டும்.

சுக்கு மிளகு திப்பிலிக் கசாயம் சளிக்கு இரண்டு நாள் குடிப்பது வேறு, தினமும் குடிப்பது வேறு. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டோயின், இதயத் துடிப்பைத் தணிக்கும் ப்ரோப்ரனோலால், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் ஆகியவற்றை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஃபெனிட்டோயினில் போதுமான அளவுக்கும் அளவு மீறலுக்கும் இடைவெளி மிகச் சிறிது. தள்ளாட்டமும் கண்ணில் இரட்டைக் காட்சியும் வந்தால் மாத்திரையைப் போலவே கசாயத்தையும் சந்தேகிக்க வேண்டும். ரசத்தில் போடும் மிளகுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

சிறுநீரகம் தளர்ந்தவர்களைப் பற்றி ஒரு சொல். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் எனலப்ரில், லோசர்டன், ஸ்பைரனோலாக்டோன் ஆகியவை பொட்டாசியத்தை உடலில் தேக்குபவை. ஒரு கோப்பை இளநீரில் 400 முதல் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். டயாலிசிஸ் செய்பவருக்கு நாள் முழுதுக்கும் அனுமதி பெரும்பாலும் 2000 மில்லிகிராம் அளவுதான். நோனிச் சாற்றுக்கும் இதே எச்சரிக்கைதான். கராம்போல் என்ற நட்சத்திரப் பழமும் அதன் சாறும் எந்த மாத்திரையோடும் மோதாமலேயே அவர்களைக் கொல்லக்கூடியவை. அதன் நஞ்சைத் தளர்ந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு என்று போகும். அன்னதான மேசையில் கராம்போல் சாறு வைக்காதீர்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவைதான். காவடிக்குப் பெயர் பதியும்போது, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி சேருங்கள். ஆம் என்றால், விரதம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து அந்த நாட்களுக்கான அளவை எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். மண்டபத்தில் கசாய அண்டாவின் மேல் என்னென்ன போட்டிருக்கிறது என்று ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் தமிழிலும் கிரியோலிலும் எழுதி ஒட்டுங்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் எலுமிச்சைத் தண்ணீரும் இருக்கட்டும். அதிமதுரத்தைப் பொதுக் கசாயத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

முதியோர் சங்கங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு பை நாள் வையுங்கள். ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மாத்திரை, பொடி, பாட்டில், சந்தையில் வாங்கிய வேர், தோட்டத்து இலை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவரட்டும். இலையைக் காம்போடு கொண்டுவர வேண்டும், பெயரை வைத்து மட்டும் அடையாளம் காண முடியாது. அழைத்தால் எங்களைப் போன்றவர்கள் வந்து உட்காருவோம். மருத்துவமனைக் கார்னே என்ற குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஐந்து விஷயம் எழுதுவோம்: என்ன செடி, எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எப்போதிலிருந்து. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் மூலிகைப் பானங்களையும் மூலிகை மாத்திரைகளையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. மில்பெர்த்துயி குடிப்பவர் மட்டும் மருத்துவரிடம் கேட்ட பிறகே நிறுத்த வேண்டும்.

மருத்துவர் திட்டுவார் என்று பயந்துதான் பலர் மறைக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கும் வாக்கு உங்களிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை. கோயில் தலைவர் சொன்னால் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆயுர்வேத வைத்தியரிடம் மருந்து வாங்குபவர் அந்தச் சீட்டை மருத்துவமனைக்கும், மருத்துவமனைச் சீட்டை வைத்தியரிடமும் காட்டட்டும். ஒருவரிடம் இன்னொருவரை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்தில் யாராவது "இரண்டு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும்" என்றால், எந்த மாத்திரைக்கு என்று உடனே கேளுங்கள். இரும்பு, தைராய்டு என்றால் மேலே சொன்ன இடைவெளியைச் சொல்லுங்கள். வேறு எதுவானாலும் மாத்திரை அட்டையோடு அருகிலுள்ள மருந்தகத்துக்கோ சுகாதார நிலையத்துக்கோ அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
மருந்தகப் பணியாளர்கள் சிலர்